வெட்டும் காயமும்: பால்மரத்தின் தற்காப்பும் தோட்டத் தமிழும்

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் வழங்கிய தமிழில் 'வெட்டு' வேறு, 'காயம்' வேறு. உளி பட்டையோடு நின்றால் அது வெட்டு. பட்டையைக் கடந்து உள்ளிருக்கும் கட்டையைத் தொட்டுவிட்டால் அது காயம். வெட்டுக்குக் கூலி கிடைத்தது. காயத்திற்கு ஏச்சு கிடைத்தது. தாவரவியல் இந்த வேறுபாட்டை ஏற்பதில்லை. அதன் கணக்கில் வெட்டும் காயமே. உளி பட்டையில் மயிரிழை ஓடினாலும் மரம் தான் தாக்கப்பட்டதாகவே கொள்கிறது. தாக்கப்பட்ட ஓர் உயிர் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்வன அனைத்தையும் செய்யத் தொடங்குகிறது. அந்தத் தற்காப்பிலிருந்து ஒழுகியதைத்தான் நம் முன்னோர் மங்கில் ஏந்தினர்.

நமது துறை மொழியியல், தாவரவியல் அன்று. தோட்டத் தமிழ்ச் சொற்களின் பொருளை வரையறுக்கப் புகுந்தபோது, மரத்தின் உள்ளே நடப்பதை அறியாமல் ஒரு சொல்லையும் சரிவர விளக்க இயலாது என்பது தெரியவந்தது. ஒட்டுப்பால் என்றால் என்ன என்று கேட்டால், உலர்ந்த பால் என்று சொல்லிவிடலாம். அது ஏன் உலர்கிறது, எது அதனை உலர்த்துகிறது என்று கேட்டால் அகராதி வாய்மூடிக்கொள்கிறது. எனவே நாம் ஆய்வேடுகளின் பக்கம் திரும்ப நேர்ந்தது. காயத்திற்கு மரம் தரும் விடையைத் தேடிய நூற்றாண்டு வரலாறு அங்கே இருந்தது. அதன் கணிசமான பகுதி இந்த நாட்டிலேயே நிகழ்ந்தது என்பதை நம் மாணவர்களுள் பலர் அறியார்.

1876இல் ஹென்றி விக்காம் அமேசான் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்தில் கொண்டுசேர்த்தார். முளைத்த கன்றுகளுள் பெரும்பாலானவை இலங்கைக்குச் சென்றன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் 9 கன்றுகள் பேராக் வந்து, கோலாகங்சாரில் ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் இல்லத் தோட்டத்தில் நடப்பட்டன. அவற்றுள் எஞ்சியது என்று காட்டப்படும் முதுமரம் ஒன்று இன்றும் அவ்வூர் மாவட்ட அலுவலகத்தருகே நிற்கிறது. ஈப்போவிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

அமேசான் காட்டில் பால் எடுத்தவர்கள் சிறு கோடரியால் மரத்தைக் கொத்தினர். கொத்திய இடங்களில் கட்டை காயப்பட்டு, பட்டை முடிச்சு முடிச்சாகத் தழும்பேறியது. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, 1890களில் வேறொரு முறையை வகுத்தார். பழைய வெட்டின் கீழ்விளிம்பில் மெல்லிய பட்டைச் சீவலை மட்டும் நீக்கி, அதே வாயை மீண்டும் திறப்பது அம்முறை. அப்போது ஒரு புதுமை புலப்பட்டது. முதல் வெட்டில் வந்ததைவிட அடுத்தடுத்த வெட்டுகளில் பால் மிகுந்து வந்தது. வெட்டவெட்ட வற்ற வேண்டிய பொருள் பெருகியது. இலங்கைப் பேராதனையில் பணியாற்றிய ஜான் பார்க்கினும் அந்நூற்றாண்டின் இறுதியில் இதனையே கண்டு, காயத்திற்கு மரம் தரும் மறுமொழியாக இதனைக் கருதினார். இன்றைய பாடநூல்கள் 'துலங்கல்' என்கின்றன. நமக்கு 'மறுமொழி' என்பதே பிடித்திருக்கிறது. மொழியியலாரின் ஓரவஞ்சனை என்று கொள்க.

'பால் வெட்டுதல்' என்ற தொடரில் சற்றே நிற்போம். ஆங்கிலம் இத்தொழிலைப் பீப்பாயிலிருந்து மதுவை இறக்கும் வினையால் குறித்தது. 'டேப்பிங்' என்ற சொல்லில் மரம் ஒரு கொள்கலன், உள்ளிருப்பது வெளியே வருகிறது, அவ்வளவே. மலாய்மொழி 'மெனோரே' என்றது. கீறுதல் என்று பொருள். தமிழர் வெட்டு என்றனர். உளியைக் கையில் பிடித்தவர்களின் மொழிகள் இரண்டும் உளி செய்யும் வேலையைச் சொல்லின. கணக்கேட்டைப் பிடித்தவர்களின் மொழி வரும் பண்டத்தைச் சொன்னது.

ஆயின் நம் சொல்லிலும் ஒரு மயக்கம் உண்டு. அது 'பால்' என்பதில் இருக்கிறது. எருக்கம்பால், கள்ளிப்பால், ஆலம்பால் எனத் தாவரங்களின் வெண்சாற்றையெல்லாம் பால் என்றே அழைப்பது தமிழ் மரபு. ஆல், அரசு, அத்தி, இத்தி என்னும் நான்கையும் சித்த மருத்துவம் நாற்பாமரம் என்று தொகுத்துச் சொல்லும். இந்த மரபோடு கப்பலேறி வந்தவர்கள், முன்பின் கண்டிராத ஓர் அயல்மரத்திற்குப் 'பால்மரம்' எனப் பெயரிடத் தயங்கவில்லை. 'கித்தா' என்ற மலாய்வழிச் சொல்லும் கூடவே வழங்கியது. தாய்ப்பால் குழவிக்காகச் சுரக்கிறது. மரத்தின் பால் எந்தக் குழவிக்காகவும் சுரப்பதன்று. எருக்கம்பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பதை அறிந்த ஊராரே அதையும் பால் என்றனர் என்பது வியப்பு. தின்ன வரும் பூச்சியின் வாயை ஒட்டவைப்பதும், திறந்த காயத்தை அடைப்பதும், அவ்வழியே புகமுனையும் பூஞ்சையைத் தடுப்பதும் அதன் வேலை. குணத்தால் அது பாலைவிடக் குருதிக்கு நெருங்கியது.

மரத்தின் வெளிப்பட்டைக்கும் கட்டைக்கும் இடையே மென்பட்டை இருக்கிறது. அதில் நுண்ணிய பால்குழாய்கள் வளையம் வளையமாக அமைந்துள்ளன. கட்டையை ஒட்டிக் கேம்பியம் என்னும் மெல்லிய வளர்படலம் ஓடுகிறது. புதிய பட்டையும் புதிய கட்டையும் பிறக்கும் இடம் அதுவே. உளி அதற்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் முன்னே நின்றுவிட வேண்டும். அதற்கும் வெளியே நின்றால் உள்வளையங்கள் அறுபடா, பால் குறையும். உள்ளே சென்றால் காயம். குழாய்கள் நேர்நிமிர்வாக ஏறாமல் சற்றே வலப்புறம் சாய்ந்து ஏறுவதால், வெட்டு இடப்புறத்து மேலிருந்து வலப்புறத்துக் கீழாகச் சரிகிறது. நாள்தோறும் நானூறு, ஐந்நூறு மரங்களில், அரைகுறை வெளிச்சத்தில், இந்த ஒரு மில்லிமீட்டரைக் கையாலேயே அறிந்தவர்கள் நம் பாட்டிமார்கள். இதைத் திறனற்ற உடலுழைப்பு என்று வகைப்படுத்திய பழைய அறிக்கைகளை எழுதியவர்கள் உளியைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வைகறையில் பெரட்டுக்குக் கூடி, வெயில் ஏறுமுன் நிரை முழுவதையும் வெட்டி முடிக்கவேண்டிய அவசரத்திற்கும் காரணம் மரத்தினுள்ளேயே இருந்தது. 1964இல் பட்டரி, போட்மன் என்னும் இருவர், மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில், பால்குழாய்களினுள் இருக்கும் அழுத்தத்தை அளந்தனர். விடியுமுன் அது வளிமண்டல அழுத்தத்தைப் போல் 10 மடங்குக்கும் மேல் இருந்தது. கார்ச்சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்றைவிட நான்கைந்து மடங்கு என்று கொள்ளலாம். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கியதும் அழுத்தம் தாழ்ந்தது. பெரட்டுக் களத்தின் நேரத்தைத் துரை வகுத்ததாகவே எல்லாரும் எண்ணியிருந்தனர்.

குழாய் அறுபட்டதும் இந்த அழுத்தமே பாலை வெளியே தள்ளுகிறது. கேட்கவேண்டிய கேள்வி, அது ஏன் நின்றுவிடுகிறது என்பது. மரத்தில் பால் தீர்ந்துவிடுவதில்லை. சில மணி நேரத்தில் குழாய்வாய்கள் அடைபட்டுவிடுகின்றன. பாலுக்குள் ரப்பர்த் துகள்களோடு 'லூட்டாய்டு' எனப்படும் நுண்பைகளும் மிதக்கின்றன. வெட்டுவாயில் இப்பைகள் வெடிக்கின்றன. அவற்றினுள் அடைபட்டிருந்த கால்சியம், மக்னீசிய அயனிகளும் சில புரதங்களும் வெளிப்பட்டு, ரப்பர்த் துகள்களை ஒன்றோடொன்று திரளச் செய்கின்றன. 1960களில் இதே கழகத்தில் சவுத்தார்ன் என்பவர் இதனை நுண்ணோக்கியின் கீழ் விரிவாக ஆய்ந்தார். வெட்டுக்கோட்டின்மேல் நாடாப்போல் உறைந்து நிற்கும் அந்தத் திரள்தான் ஒட்டுப்பால். மனித உடம்பில் அதற்குப் பொருக்கு என்று பெயர். அடுத்த வெட்டுக்கு வருபவர் முதலில் அந்தப் பொருக்கை உரித்துச் சாக்கில் போட்டுக்கொண்ட பிறகே உளியை வைப்பார். மரம் தன் காயத்தை மூட இட்ட கட்டுக்கு ஒரு பெயரும், ஒரு தனி விலையும் இருந்தன.

அந்தப் புரதங்களுள் ஒன்றின் கதை தோட்டத்தையும் தாண்டிச் செல்கிறது. 1960இல் ஆர்ச்சர் என்பவர் பாலிலிருந்து ஒரு சிறு புரதத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். மரத்தின் அறிவியற்பெயரான ஹெவியாவை ஒட்டி அதற்கு ஹெவின் என்று பெயர். பூஞ்சைகளின் செல்சுவரில் கைட்டின் என்னும் பொருள் உண்டு. ஹெவின் அதைப் பற்றிக்கொண்டு பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கும் என்பது 1991இல் மெய்ப்பிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டே, மரத்தைக் காயப்படுத்தினால் ஹெவினை ஆக்குவதற்கான மரபுச்செய்தி பால்குழாய்களில் பெருகுவதையும், எத்திலீன் என்னும் வளியைச் செலுத்தினாலும் அதுவே நிகழ்வதையும் ஆய்வாளர்கள் காட்டியிருந்தனர். ஆக, பொருக்கு வெறும் அடைப்பன்று. அதில் நோய்த்தடுப்பு மருந்தும் கலந்திருக்கிறது. கையுறை அணியும் தாதியர் சிலருக்குத் தோல் அரிப்பும் மூச்சுத்திணறலும் வருவதற்கு இதே ஹெவின் ஒரு முக்கியக் காரணம் என்பது பின்னர் வெளிப்பட்டது. அத்தகையோருள் சிலருக்கு வாழைப்பழமும் ஒவ்வாது. ஹெவினைப் போன்ற ஒரு பகுதி வாழையின் தற்காப்புப் புரதத்திலும் இருக்கிறது. பூஞ்சைக்காக மரம் செய்த ஆயுதம் மருத்துவமனைவரை சென்று மனிதரைத் தாக்கிய கதை இது.

எத்திலீன் என்ற பெயர் இப்போது வந்துவிட்டது. தமிழ்நாட்டிலும் இங்கும் வாழைத்தாரை மூட்டம் போட்டுப் பழுக்கவைத்தவர்கள், பெயரறியாமல் இதைத்தான் பயன்படுத்தினர்; புகையில் எத்திலீன் உண்டு. 1901இல் ருசியாவில் நெல்யூபோவ் என்ற மாணவர், பட்டாணி நாற்றுகள் கோணலாக வளர்வதற்கு விளக்கெரிவளியிலிருந்த எத்திலீனே காரணம் என்று கண்டார். தாவரங்கள் தாமே அதனை உண்டாக்குகின்றன என்பதை 1934இல் கேன் என்பவர் காட்டினார். காயம் பட்டவுடன் தாவரத்திசு எத்திலீனை மிகுதியாக வெளியிடுகிறது. பிற செல்களுக்கு அது செய்தி.

இங்கே ஒரு கலைச்சொற் சிக்கல். 'ஹார்மோன்' என்ற சொல்லை 1905இல் இங்கிலாந்தின் ஸ்டார்லிங், கிளர்த்து, இயக்கு என்னும் பொருளுடைய கிரேக்க வினையிலிருந்து ஆக்கினார். தமிழில் 'இயக்குநீர்' என்றோம். விலங்கின் குருதியில் கரைந்து செல்லும் பொருளுக்கு அது பொருத்தமான ஆக்கம். அவ்வேர்ப்பொருளை அப்படியே தாங்கி நிற்கிறது. எத்திலீனோ நீரன்று, வளி. 'இயக்குநீராகிய வளி' என்று கரும்பலகையில் எழுதும் ஆசிரியரை மாணவர் கேள்வி கேட்டால் குற்றம் மாணவரிடம் இல்லை. 'வளரூக்கி' என்ற மாற்றும் இவ்விடத்தில் உதவாது. வளர்ச்சியை நிறுத்திவிட்டுத் தற்காப்பில் இறங்கு என்று கட்டளையிடும் பொருளை வளரூக்கி என்பது எங்ஙனம்? இக்கட்டுரையில் ஹார்மோன் என்றே எழுதுகிறோம். தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க.

இந்த ஹார்மோனை மனிதர் கைப்பற்றிய வரலாறு நேர்வழியில் நடந்ததன்று. பால்பெருக்கும் மருந்தைத் தேடியவர்கள் ஏறத்தாழக் கண்ணைக் கட்டிக்கொண்டே தேடினர். 1925இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில், 1951இல் சேப்மன் என்பவர், 2,4-டி என்னும் செயற்கை ஆக்சினைச் செம்பனை எண்ணெயில் கலந்து சுரண்டிய பட்டையில் பூசிப் பால் மிகுவதைக் காட்டினார். பிற்காலத்தில் பால்மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டு அதன் இடத்தில் நடப்பட்ட அதே செம்பனை. அடுத்து 2,4,5-டி வந்தது. தோட்டங்களில் பல ஆண்டுகள் பூசப்பட்டது. அவசரகாலத்தில் ஆங்கிலேயர் மலாயாவின் சாலையோரக் காடுகளைக் கருகச் செய்யத் தெளித்த களைக்கொல்லியிலும், பின்னர் வியட்நாமில் அமெரிக்கர் தெளித்ததிலும் இதே பொருள் இருந்தது. இந்தோசீனத்தில் இருந்த பிரெஞ்சு ஆய்வாளர்கள் மரத்தினுள் செம்புச் சல்பேட்டைச் செலுத்தினர். அதற்கும் பால் பெருகியது. அசெட்டிலீன் வளிக்கும் பெருகியது. ஆக்சின், செம்பு, அசெட்டிலீன் ஆகிய மூன்றுக்கும் வேதியியலில் உறவே இல்லை. ஏன் எல்லாம் ஒரே பயனைத் தந்தன?

விடை 1968இல் கிடைத்தது. கழகத்தின் ஆய்விதழில் அவ்வாண்டு வந்த கட்டுரையில் ஆபிரகாம், வைச்சர்லி, பாக்கியநாதன் ஆகிய மூவர், குளோரோஎத்தில் பாஸ்போனிக் அமிலம் என்னும் பொருளைப் பட்டையில் பூசிப் பால் பெரிதும் மிகுவதை அறிவித்தனர். எத்திபோன் என்றும், விற்பனைப் பெயரால் எத்ரெல் என்றும் வழங்கியது அது. புட்டியில் புளிப்பான கரைசலாக இருக்கும்வரை அது மாறாதிருக்கும். புளிப்புக் குறைந்த தாவரத்திசுவினுள் புகுந்ததும் சிதைந்து எத்திலீனை வெளிவிடும். அடுத்த ஆண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் எத்திலீனையே நேரடியாகச் செலுத்தி அதே விளைவைப் பெற்றனர். முன்பு பூசிய ஆக்சினும், செலுத்திய செம்பும் திசுவை வருத்தி, அதனிடமிருந்தே எத்திலீனை வெளிப்படச் செய்தன. அசெட்டிலீன் எத்திலீனைப் போல நடித்தது. மரத்தின் மொழியில் 'காயம் பட்டேன்' என்ற ஒரே சொல்லைத்தான் எல்லாரும் வெவ்வேறு உச்சரிப்பில் சொல்லிக்கொண்டிருந்தனர். அம்மூவருள் ஒருவர் பெயர் தமிழ்ப்பெயர் என்பதை மாணவர்கள் கவனிப்பார்களாக. உளி பிடித்த கைகளைப் பற்றி நம் புனைகதைகள் நிறையப் பேசியுள்ளன. ஆய்வகத்தில் குடுவை பிடித்த கைகளைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

எத்திலீன் செய்வது விந்தையான வேலை. மரம் தானே வெளியிடும் சிறிதளவு, தற்காப்பைத் தட்டி எழுப்புகிறது. மனிதர் பட்டையில் பூசும் பேரளவோ லூட்டாய்டுகளை உறுதிப்படுத்தி வெடிக்காமல் காக்கிறது. பால்குழாய்க்குள் நீரும் சர்க்கரையும் புக வழிசெய்கிறது. பொருக்குக் கட்டுவது தள்ளிப்போகிறது. பால் நின்றிருக்க வேண்டிய நேரத்திற்குப் பின்னும் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. காவலுக்கு அழைக்கும் குரலை மிகைப்படுத்திக் கேட்கச்செய்து, காவலையே தளர்த்தும் தந்திரம் இது.

பால்குழாய்களைப் புதிதாக ஆக்குவது வேறொரு ஹார்மோன். அதன் பெயர் நமக்கு அணுக்கமானது. 1962இல் பிச்சிப்பூ எண்ணெயின் மணத்தை ஆய்ந்தவர்கள் ஒரு பொருளைப் பிரித்து, பாரசீக 'யாசமின்' வழிவந்த சொல்லால் ஜாஸ்மோனேட் என்று பெயரிட்டனர். அப்போது அது வாசனைத் தொழிலின் பொருள். 1971இல் ஒரு பூஞ்சையின் வளர்ப்பிலிருந்து ஜாஸ்மோனிக் அமிலம் கிடைத்தது. லாசியோடிப்ளோடியா என்னும் அப்பூஞ்சை, அறுத்த ரப்பர்ப் பலகையில் நீலக்கறை படியச் செய்யும் அதே பூஞ்சை. இதற்கிடையே அமெரிக்காவில் ரயன் என்பவர், தக்காளி இலையொன்றைப் புழு தின்றால் தின்னப்படாத இலைகளிலும் செரிமானத்தைக் கெடுக்கும் புரதங்கள் உண்டாவதை 1972இல் கண்டிருந்தார். செய்தி எவ்வாறு பரவுகிறது? 1990இல் பார்மர், ரயன் இருவரும், ஜாஸ்மோனேட் மணம் கமழும் ஒரு புதர்ச்செடியின் கிளைகளைத் தக்காளிச் செடிகளோடு ஒரே அறையில் மூடிவைத்தனர். தொடாமலே, மணத்தாலேயே தக்காளி தற்காப்பில் இறங்கியது. கூந்தலில் சூடும் மணத்தின் ஒரு கூறு, செடிகளுக்குள் அபாய அறிவிப்பாக இருந்தது.

சீனத்தின் ஹைனான் தீவில் ஹாவ், வூ என்னும் இருவர் 2000ஆம் ஆண்டு இதனை ரப்பர் மரத்தோடு இணைத்தனர். இளங்கிளையில் ஜாஸ்மோனிக் அமிலத்தை இட்டபோது, காயம் படாமலே கேம்பியத்திலிருந்து புதிய பால்குழாய்கள் உருவாயின. ரிட்லியின் கேள்விக்கு நூறாண்டு கழித்து வந்த விடைகளுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம். தொடர்ந்து வெட்டப்படும் மரம், அடுத்த தாக்குதலுக்கென்று தன் ஆயுதசாலையை விரிவாக்குகிறது. புதுப்பட்டையைத் திறந்த முதல் நாள்களில் மங்கின் அடிகூட நனையாது. சில வெட்டுகள் சென்றபின் நிரம்பும். இதைத் தோட்டத்தில் அறியாதவர் எவரும் இல்லை.

நோய்களைப் பொறுத்தவரை மூன்றாவதாக ஒன்று வருகிறது. சாலிசிலிக் அமிலம், ஆஸ்பிரினின் உறவு. புகையிலையிலும் வெள்ளரியிலும் நோய் தொற்றியவுடன் இது பெருகி, செடி முழுவதற்கும் எதிர்ப்பூட்டுகிறது என்பது 1990இல் தெரியவந்தது. பொதுவாகப் பார்த்தால், உயிருள்ள செல்லில் குடியேறி உறிஞ்சும் கிருமிகளுக்கு எதிராகச் சாலிசிலிக் அமிலமும், செல்லைக் கொன்று தின்னும் கிருமிகளுக்கும் கடிக்கும் பூச்சிகளுக்கும் எதிராக ஜாஸ்மோனேட்டும் எத்திலீனும் முன்நிற்கின்றன. ஒன்று ஓங்கினால் மற்றது பெரும்பாலும் ஒடுங்கும். இது முக்கியமான செய்தி. இரண்டு போரை ஒரே சமயத்தில் முழுவலிமையோடு நடத்தச் செடியால் இயலாது. மழைக்காலத்தில் நனைந்த வெட்டுவாயில் பூசணம் பிடித்து அழுகும் நோய் பேராக் தோட்டங்களுக்குப் புதிதன்று. மழை பெய்தால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. தொழிலாளிக்கு அது பட்டினி நாள், மரத்திற்கு ஓய்வு. ஓய்வுநாளில் கூலிக்கு வழிசெய்யாத நிர்வாகத்தின் கணக்கில் இவ்விரண்டும் ஒரே வரியில் அடங்கின.

தற்காப்பைத் தொடர்ந்து தூண்டினால் என்ன ஆகும் என்பதும் தோட்டத்தில் தெரிந்ததே. சில மரங்களில் வெட்டுக்கோடு முழுவதுமோ ஒரு பகுதியோ பால் வராமல் வறண்டுபோகும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் இதற்குக் கிருமியைத் தேடினர். ஐயமற நிறுவப்பட்ட கிருமி எதுவும் அகப்படவில்லை. மிகையான வெட்டும் மிகையான தூண்டலும் திசுவைத் தளர்த்துகின்றன என்பதே இன்றைய பெருவழக்கான கருத்து. எத்திபோன் பரவிய தொடக்க ஆண்டுகளில் வாளிகள் கனத்தன. காண்டாவில் தூக்கியவர்களின் தோள்கள் அதற்குச் சான்று. பிறகு வறண்ட மரங்களும் மிகுந்தன. எனவே கழகம் அளவைக் குறைக்கச் சொன்னது. ஒன்றுவிட்டு ஒரு நாள் என்றிருந்த வெட்டை மூன்று நாளுக்கொருமுறை, நான்கு நாளுக்கொருமுறை எனத் தள்ளிப்போடும் முறைகளைப் பரிந்துரைத்தது.

மரத்திற்கு அது நல்லது. வெட்டு குறைந்தபோதும் விளைச்சல் குறையவில்லை. ஆனால் நான்கு நாளுக்கொருமுறை வெட்டும் தோட்டத்திற்கு முன்புபோல் அத்தனை கைகள் வேண்டியிருக்கவில்லை. எத்திபோன்தான் தமிழரைத் தோட்டத்தைவிட்டு வெளியேற்றியது என்று மேடையில் சிலர் முழங்குவதை நாம் ஏற்கவில்லை. 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், செம்பனை வந்ததும், பின்னர் நிலம் வீடமைப்புக்குப் போனதும் பெருங்காரணங்கள். ஒரு மூலக்கூற்றின்மேல் ஒரு சமூகத்தின் கண்ணீரை முழுவதும் ஏற்றிவைப்பது வரலாறாகாது. எனினும் உழைப்பின் அளவைக் குறைத்த கருவிகளுள் அதுவும் ஒன்று என்பதை மறைப்பதும் வரலாறாகாது. அந்தக் கருவியை உருவாக்கியவர்களுக்கும் அதனால் வேலை குறைந்தவர்களுக்கும் இடையே ஓர் உரையாடல் நடந்திருக்கலாம். இருவரும் ஒரே மரத்தைப் பற்றி இருவேறு மொழிகளில் அறிந்திருந்தனர். ஆய்வேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. நிரையில் இருந்தவர்களின் அறிவு ஏட்டில் ஏறவே இல்லை.

சுங்கை சிப்புட் பக்கம் கைவிடப்பட்ட பழைய மரங்கள் சில இடங்களில் இன்னும் நிற்கின்றன. மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், இடுப்பளவு உயரத்தில் பட்டையைத் தடவிப் பார்க்கச் சொல்லலாம். சில மரங்களில் மறுபட்டை வழவழப்பாக, கோடே தெரியாமல் வளர்ந்திருக்கும். அங்கே உளி ஒரு மில்லிமீட்டர் முன்னே நின்றிருக்கிறது. கேம்பியம் தப்பிப் பிழைத்துப் பட்டையை மீண்டும் நெய்திருக்கிறது. வேறு சில மரங்களில் கை இடறும். எலும்புபோல் முண்டும் முடிச்சும் புடைத்திருக்கும். அங்கே உளி உள்ளே போயிருக்கிறது. முதல்வகை மரம் வெட்டை மறந்துவிட்டது. இரண்டாம்வகை மரத்தில், வெட்டியவர் பெயர் தெரியாவிட்டாலும், அன்று கிராணியிடம் அவர் வாங்கிய ஏச்சு அப்படியே இருக்கிறது.